பழசா, புதுசா? அமெரிக்க மான் வேட்டைக்காரர்களைக் குழப்பும் ‘மசில்லோடர்’ துப்பாக்கி: ஒரு விளக்கம்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பனி மூடிய ஒரு காடு. மரத்தில் சாய்ந்து நிற்கும் வேட்டைக்காரருக்கு முன்னால், சுமார் 60 கஜ தூரத்தில் ஒரு வெள்ளைவால் மான். மெல்ல விசையை அழுத்துகிறார். சிக்கிமுக்கிக் கல் இரும்புத் தகட்டில் உரசுகிறது. பொறி பறக்கிறது. துப்பாக்கியின் பக்கவாட்டில் உள்ள சின்னக் கிண்ணியில் இருந்த மருந்து ‘புஸ்’ என்று எரிகிறது.

அவ்வளவுதான். குண்டு கிளம்பவில்லை. மான் ஒரே தாவலில் மறைந்துவிட்டது. காலையிலிருந்து விழுந்த ஈரப்பனியில், குழலுக்குள் இருந்த மருந்து நமுத்துப் போயிருக்கிறது.

அவர் கையில் இருப்பது அருங்காட்சியகப் பொருள் அல்ல. கடையில் புதிதாக வாங்கியதுதான். ஆனால் அதன் டிசைன் 1700-களைச் சேர்ந்தது. மழையிலும் வெடிக்கும், டெலஸ்கோப் பொருத்திய நவீன ரகம் கடையில் கிடைக்கிறது. இதே மாநிலத்தில் அக்டோபர் மாதம் நடக்கும் வேறொரு வேட்டை சீசனில் அதை எடுத்துப்போக அனுமதியும் உண்டு. டிசம்பர் கடைசியில் தொடங்கும் இந்த சீசனில் மட்டும் கிடையாது.

இது என்ன விநோதம்? பழைய ரகம், புதிய ரகம் என இரண்டு இருக்கும்போது, அங்குள்ளவர்கள் எதை வைத்துத் தேர்வு செய்கிறார்கள்? பார்ப்போம்.

மசில்லோடர் என்றால் என்ன?

துப்பாக்கிக் குழலின் முன்வாய்க்கு ஆங்கிலத்தில் ‘மசில்’ என்று பெயர். அந்த வாய் வழியாகவே மருந்தையும் குண்டையும் போட்டு, ஒரு கோலால் குத்தி உள்ளே இறக்கிச் சுடும் துப்பாக்கிதான் மசில்லோடர். இன்றைய துப்பாக்கிகளில் மருந்து, குண்டு, பற்றவைக்கும் பகுதி மூன்றும் ஒரே பித்தளைத் தோட்டாவுக்குள் அடங்கிவிடும். பின்பக்கமாகப் போட்டுச் சுட்டுவிடலாம். மசில்லோடரில் மூன்றும் தனித்தனி.

இது நமக்கு முற்றிலும் புதிய விஷயம் இல்லை. 1857 சிப்பாய்க் கிளர்ச்சியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பசு, பன்றிக் கொழுப்பு தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கச் சொன்னார்கள் என்ற பேச்சுதான் தீப்பொறி. ஏன் கடிக்க வேண்டும்? அந்த என்ஃபீல்டு ரைஃபிள் ஒரு மசில்லோடர். காகித உறையைக் கடித்துக் கிழித்தால்தான் உள்ளே இருக்கும் மருந்தைக் குழலின் முன்வாயில் கொட்ட முடியும்.

உலகப் படைகள் எல்லாம் 19-ம் நூற்றாண்டிலேயே இந்த முறையைக் கைவிட்டுவிட்டன. அமெரிக்க வேட்டைக் காடுகளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

இந்தக் காலத்தில் எதற்கு இது?

முதல் காரணம், பழமையின் மீதான ஆசை. இண்டியானா மாநிலத்தின் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சிற்றூரைத் தளமாகக் கொண்ட தேசிய மசில்லோடிங் ரைஃபிள் சங்கம் 1933-லேயே தொடங்கப்பட்டது. தாத்தா காலத்துத் துப்பாக்கிகளைப் போட்டி வைத்துச் சுடும் பழக்கம் அப்படித்தான் தொடர்ந்தது.

இரண்டாவது காரணம்தான் முக்கியம்: கூடுதல் வேட்டை நாட்கள்.

அமெரிக்காவில் மான் வேட்டை மாநில அரசுகளின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எந்தப் பகுதியில், எத்தனை நாள், எந்த ஆயுதத்தால், எத்தனை மான் சுடலாம் என்பதெல்லாம் ஆண்டுதோறும் விதிப் புத்தகமாக வரும். சாதாரண ரைஃபிளுக்கு ஒரு சீசன், வில்லுக்கு ஒரு சீசன், மசில்லோடருக்கு ஒரு சீசன்.

லாஜிக் சிம்பிள். ஆயுதத்தின் திறன் குறைவு என்றால் வெற்றி பெறுபவர்களும் குறைவு. அதனால் மான்களின் எண்ணிக்கையைப் பெரிதாகப் பாதிக்காமல், அதிகம் பேரை அதிக நாட்கள் காட்டுக்குள் விடலாம். கூட்டமும் இருக்காது. ஆக, மசில்லோடர் சீசன் என்பது ‘உன் கையை நீயே கொஞ்சம் கட்டிக்கொள், பதிலுக்குக் கூடுதல் நாள் தருகிறேன்’ என்ற ஒப்பந்தம். பென்சில்வேனியா 1974-ல் தன் சிக்கிமுக்கித் துப்பாக்கி சீசனைத் தொடங்கியது இந்த அடிப்படையில்தான்.

இந்த ஒப்பந்தத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழசா, புதுசா என்ற சண்டை முழுக்க இதைச் சுற்றித்தான்.

பழைய ரகம்: சிக்கிமுக்கியும் பொட்டு கேப்பும்

பாரம்பரிய மசில்லோடரில் இரண்டு வகை.

ஒன்று, ஃப்ளின்ட்லாக். விசையை அழுத்தினால் சிக்கிமுக்கிக் கல்லைப் பிடித்திருக்கும் சுத்தி முன்னால் பாயும். கல் இரும்புத் தகட்டில் உரசும். பொறி கிண்ணியில் உள்ள நைஸான மருந்தில் விழும். அந்தத் தீ குழலின் பக்கவாட்டில் உள்ள ஊசித்துளை வழியே உள்ளே போய், பெரிய மருந்தைப் பற்றவைக்கும். இத்தனையும் நடக்க ஒரு நொடியின் சிறு பகுதிதான். ஆனால் அந்தச் சின்ன இடைவெளியை நம்மால் உணர முடியும். முகத்துக்குப் பக்கத்தில் தீ எரிந்தாலும் கண் சிமிட்டாமல், கை அசையாமல் நிற்கப் பழக வேண்டும். ‘ஃப்ளாஷ் இன் தி பான்’ என்ற ஆங்கில வழக்கு, கிண்ணி மட்டும் எரிந்து குண்டு கிளம்பாத இந்த நிலையிலிருந்து வந்ததுதான்.

பென்சில்வேனியாவுக்கு இதில் தனிப் பெருமை. 18-ம் நூற்றாண்டில் லான்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானிய, சுவிஸ் கொல்லர்கள், தங்கள் ஊர் குட்டை ரைஃபிளை நீட்டி, குண்டைச் சிறிதாக்கி, புது ரகமே உருவாக்கினார்கள். பிற்காலத்தில் ‘கென்டக்கி ரைஃபிள்’ என்று புகழ்பெற்றது அதுதான்.

இரண்டாவது வகை, பெர்கஷன் கேப். அலெக்ஸாண்டர் ஜான் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியாருக்கு வேட்டைப் பித்து. கிண்ணியில் தீ தெரிந்த உடனேயே பறவைகள் உஷாராகிப் பறந்துவிடுகின்றன என்பது அவர் கவலை. தட்டினாலே வெடிக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்தும் முறைக்கு 1807-ல் காப்புரிமை வாங்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் அது சின்னச் செப்புத் தொப்பியாக மாறியது. தீபாவளிப் பொம்மைத் துப்பாக்கியில் சுத்தி தட்டியதும் வெடிக்கும் பொட்டு கேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தத்துவம் அதேதான். வெடித்த பொறி, சிறு குழாய் வழியாகக் குழலுக்குள் போய் மருந்தைப் பற்றவைக்கும். கிண்ணி இல்லை. காற்றில் மருந்து பறக்கும் தொல்லையும் இல்லை.

செயின்ட் லூயிஸ் நகரின் ஹாக்கென் சகோதரர்கள் செய்த பெர்கஷன் ரைஃபிள்கள் மலைவாசி வேட்டைக்காரர்களின் அடையாளமாகின. 1970-ல் தாம்ப்சன் சென்டர் நிறுவனம் ‘ஹாக்கென்’ என்ற பெயரில் புதிதாக ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1972-ல் ராபர்ட் ரெட்ஃபோர்டு நடித்த ‘ஜெரமையா ஜான்சன்’ படம் வந்தது. மசில்லோடர் மோகம் மறுபடியும் பற்றிக்கொண்டது.

புதிய ரகம்: இன்லைன்

1985-ல் மிசௌரி மாநிலத் துப்பாக்கிக் கொல்லர் டோனி நைட் ‘எம்.கே-85’ என்ற மாடலைக் கொண்டுவந்தார். கொலராடோ மலைகளுக்கு எல்க் எனும் பெரிய மான் வேட்டைக்குப் போகும் தன் வாடிக்கையாளர்களுக்கு, நம்பி எடுத்துப்போகக்கூடிய மசில்லோடர் வேண்டும் என்பது அவர் நோக்கம்.

அவர் செய்த முக்கிய மாற்றம், தீ போகும் பாதையில்தான். பழைய ரகத்தில் தீ பக்கவாட்டிலிருந்து வந்து, திரும்பி உள்ளே போக வேண்டும். இன்லைனில் கேப் நேராக மருந்துக்குப் பின்னால், குழலின் அதே நேர்கோட்டில் உட்கார்ந்திருக்கும். பெயர்க் காரணமும் அதுதான். தீ வளையாமல் நேராகப் பாய்கிறது. வெடிக்காமல் ஏமாற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது.

அதன்பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது:

• சின்ன கேப்புக்குப் பதிலாக, ஷாட்கன் தோட்டாவில் உள்ள ‘209’ பிரைமர். பொறி பல மடங்கு பலம்.

• அளந்து கொட்டும் மருந்துக்குப் பதிலாக, மாத்திரை போல அழுத்திய பெல்லட்டுகள்.

• ஈய உருண்டைக்குப் பதிலாக, ‘சேபோ’ எனும் பிளாஸ்டிக் உறைக்குள் உட்கார்ந்த கூர்முனைக் குண்டு.

• ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழல், பிளாஸ்டிக் கட்டை, மேலே ஸ்கோப்.

2020-ல் இன்னொரு படி. மருந்தை மூடிய பிளாஸ்டிக் குப்பியில் அடைத்து, பின்பக்கமாகச் செருகும் ‘ஃபயர்ஸ்டிக்’ முறை வந்தது. குண்டு மட்டும் முன்வாய் வழியே போகும். இதையும் மசில்லோடர் என்று சொல்லலாமா? சில மாநிலங்கள் ஏற்றன. சில மாநிலங்கள் ஏற்கவில்லை.

நேருக்கு நேர்: என்ன வித்தியாசம்?

தூரம். .50 கேலிபர் துப்பாக்கிக்கான ஈய உருண்டையின் எடை சுமார் 11.5 கிராம். கோளம் என்பதால் காற்றைக் கிழித்துப் போக முடியாது. 100 கஜத்தைத் தொடும்போது அதன் ஆற்றலில் பாதிக்கும் மேல் போயிருக்கும். அதனால் ஸ்கோப் இல்லாத பாரம்பரிய ரைஃபிளில், பழகிய கைகளே 75 கஜத்தைத் தாண்ட யோசிக்கும். 100 கஜம் என்பது பலருக்கு உச்சம். கிரிக்கெட் மைதானத்தில் பேட்ஸ்மேனிடமிருந்து பவுண்டரி கோடு பொதுவாக இருக்கும் தூரத்தைவிட இது அதிகம். ஸ்கோப் வைத்த இன்லைன், பயிற்சி உள்ளவர் கையில் 150 முதல் 200 கஜம் வரை போகும். 300 கஜத்துக்கு மேல் என்று விளம்பரம் செய்யப்படும் ரகங்களும் இருக்கின்றன.

மழை, பனி. ஃப்ளின்ட்லாக்கில் கிண்ணி திறந்த அமைப்பு. தோல் உறை போட்டு மூடி, அடிக்கடி மருந்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெர்கஷன் கொஞ்சம் பரவாயில்லை. இன்லைனில் பிரைமர் மூடிய அறைக்குள் இருப்பதால் பெரும்பாலும் கவலை இல்லை.

இரண்டாவது வாய்ப்பு. இரண்டிலும் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். மருந்து, குண்டு, கோல், கேப் என்று மறுபடியும் முதலிலிருந்து. விறைத்த கைகளோடு இதைச் செய்து முடிப்பதற்குள் மான் அடுத்த மேட்டைத் தாண்டியிருக்கும்.

சுத்தம். கரும் வெடிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கலவை. சுட்டபின் குழலில் படியும் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து, இரும்பை அரிக்கும். அன்றே சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவ வேண்டும். இன்லைனில் பின்பக்க அடைப்பைக் கழற்றிவிட்டு, புட்டிக்குள் பிரஷ் விடுவதுபோல் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுக்கலாம். பழைய ரகத்தில் பின்பக்கம் மூடியே இருக்கும். பொறுமை வேண்டும்.

விலை. தொடக்க நிலை இன்லைன் சில நூறு டாலர்களில் முடிந்துவிடும். பாரம்பரிய ரகத்திலும் தொழிற்சாலைத் தயாரிப்புகள் அந்த விலையில் உண்டு. ஆனால் கைவினைக் கொல்லர் ஒருவர் செதுக்கித் தரும் நீள ரைஃபிளுக்குப் பல ஆயிரம் டாலர்கள் ஆகும்.

குழலின் திருகு. பலர் கவனிக்காமல் ஏமாறும் இடம் இது. ரைஃபிள் குழலின் உட்புறத்தில் திருகு போன்ற வரிப்பள்ளங்கள் இருக்கும். அவைதான் குண்டைச் சுழல வைத்து நேராகப் போகச் செய்கின்றன. ஈய உருண்டைக்கு மெதுவான திருகு போதும். 60 அல்லது 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இன்லைன்களில் நீளமான குண்டுக்காக 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது சகஜம். ஒன்றுக்கான குண்டை இன்னொன்றில் போட்டால், எவ்வளவு நன்றாகக் குறி பார்த்தாலும் குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம்.

அப்போ, புதுசுதானே பெஸ்ட்?

மேலே உள்ளதைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கடைக்குப் போகும் முன் மாநில விதிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். இங்கேதான் ட்விஸ்ட்.

• பென்சில்வேனியா: டிசம்பர் 26 வாக்கில் தொடங்கும் சீசனில் ஃப்ளின்ட்லாக் மட்டும்தான். 1800-க்கு முந்தைய டிசைனாக, .44 கேலிபருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஸ்கோப் கூடாது. பெர்கஷன் கேப்புக்கே அனுமதி இல்லை.

• கொலராடோ: இன்லைன் ஓகே. ஆனால் மசில்லோடர் சீசனில் ஸ்கோப் கூடாது, பெல்லட் மருந்து கூடாது, சேபோ கூடாது. எல்க் சுட .50 கேலிபராவது வேண்டும். எந்த மலை வேட்டைக்காக இன்லைன் உருவாக்கப்பட்டதோ, அங்கேயே அதன் பாதிச் சலுகைகளுக்குத் தடை.

• ஐடஹோ: மசில்லோடருக்கு மட்டுமான சீசனில் பற்றவைக்கும் பகுதி வெளியே தெரிய வேண்டும். 209 பிரைமருக்கும் சேபோவுக்கும் தடை. கொட்டும் மருந்துக்கு மட்டுமே அனுமதி.

• மிசௌரி: இன்லைன் ஸ்டார் டோனி நைட்டின் சொந்த மாநிலம். இங்கே மசில்லோடர் சீசன் என்ற பெயரே போய், ‘மாற்று முறைகள்’ சீசன் ஆகிவிட்டது. காற்றுத் துப்பாக்கிக்கும் கைத்துப்பாக்கிக்கும்கூட இதில் இடம் உண்டு.

• மிசிசிப்பி: ‘ஆதி ஆயுத’ சீசன் என்று பெயர். ஆனால் சுத்தி வெளியே தெரியும், பின்பக்கமாக ஒரே ஒரு தோட்டா போடும் ரைஃபிளும் அதில் அடக்கம்.

ஒரே துப்பாக்கி ஒரு மாநிலத்தில் சட்டப்படி சரி, எல்லை தாண்டினால் அபராதம். கடைக்காரரின் சிபாரிசைவிட இந்த ஆண்டின் விதிப் புத்தகம்தான் பெரியது. போன வருடப் புத்தகத்தை நம்பினாலும் மாட்டிக்கொள்ளலாம்.

வாங்கும் சட்டமும் கொஞ்சம் வித்தியாசம். 1968-ம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், சாதாரணத் தோட்டாவைப் பயன்படுத்த முடியாத, கரும் மருந்தில் இயங்கும் மசில்லோடர்களைப் ‘பழங்கால ஆயுதம்’ என்ற தனிப் பிரிவில் வைக்கிறது. அதனால் கூட்டாட்சி அளவில் வழக்கமான பின்னணிச் சோதனை பொதுவாகத் தேவையில்லை. ஆனால் எல்லா மாநிலங்களும் அப்படி நினைப்பதில்லை. நியூ ஜெர்சி போன்ற இடங்களில் இதுவும் துப்பாக்கிதான்.

காயத்தோடு ஓடும் மான்

தொழில்நுட்ப விவாதத்தில் எளிதாக மறந்துபோகும் ஒரு தரப்பு இருக்கிறது. மான்.

குண்டு நெஞ்சுப் பகுதியில் பட்டால் மான் சில நொடிகளில் விழும். வயிற்றிலோ காலிலோ பட்டால், மணிக்கணக்கில் காட்டுக்குள் துடித்துக்கொண்டு அலையும். கண்டுபிடிக்க முடியாமலும் போகலாம். வேட்டைக்காரர்களே தங்களுக்குள் பெரிய தலைகுனிவாக நினைப்பது இதைத்தான்.

இன்லைன் ஆதரவாளர்களின் பலமான வாதம் இங்கிருந்துதான் வருகிறது. ‘சுடுவது என்று முடிவான பிறகு, நிச்சயமாக வெடிக்கிற, குறி தவறாத கருவியைக் கொடுப்பதுதானே விலங்குக்கு நியாயம்? கிண்ணியில் எரிந்து, தாமதித்து வெடித்து, அதற்குள் மான் அரை அடி நகர்ந்துவிட்டால் யார் பொறுப்பு?’

பாரம்பரிய ரகத்தினரின் பதிலும் லேசானதல்ல. ‘உன் ஸ்கோப் உன்னை 200 கஜத்திலிருந்து சுடத் தூண்டுகிறது. அந்தத் தூரத்தில் காற்று குண்டைத் தள்ளும், மான் ஓர் அடி எடுத்து வைக்கும். என் துப்பாக்கி என்னை 50 கஜத்துக்குள் போகக் கட்டாயப்படுத்துகிறது. அங்கே தவறு நடக்கும் வாய்ப்பே குறைவு.’

இரண்டிலும் உண்மை இருக்கிறது. நம்பகமான கருவி காயங்களைக் குறைக்கும். அதே கருவி தரும் அதீத நம்பிக்கை காயங்களைக் கூட்டும். எது நடக்கும் என்பது துப்பாக்கியைவிட அதைப் பிடித்திருப்பவரைப் பொறுத்தது.

அதற்காக அனுபவசாலிகள் சொல்லும் எளிய டெஸ்ட் ஒன்று உண்டு. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி, ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் காகிதத் தட்டின் அளவு. மேசையில் சாய்த்து வைத்தல்ல, காட்டில் நிற்பதுபோல நின்றோ மண்டியிட்டோ, ஒரு தட்டை நோக்கி ஐந்து முறை சுட வேண்டும். ஐந்தும் தட்டில் விழும் தூரம் எதுவோ, அதுதான் உங்கள் எல்லை. பெட்டியில் அச்சடித்த தூரம் கணக்கில் வராது.

ஈயம் தனிப் பிரச்சினை. சுட்ட விலங்கின் மிச்சத்தைத் தின்னும் கழுகுகளுக்கு ஈயத் துணுக்குகள் விஷம். கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்துவிட்டது. செம்புக் குண்டுகள் மாற்று. ஆனால் மசில்லோடருக்கான செம்புக் குண்டுகளில் பல, சேபோவோடு வருபவை. சேபோ கூடாது என்ற விதி உள்ள இடங்களில், பழமையைக் காக்கும் சட்டமும் பறவையைக் காக்கும் நோக்கமும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

ஒப்பந்தம் உடைந்தால் என்ன ஆகும்?

ஆரம்பத்தில் சொன்ன ஒப்பந்தத்துக்கு வருவோம். திறன் குறைந்த ஆயுதம் என்பதால்தான் கூடுதல் நாள். அந்த ஆயுதம் சாதாரண ரைஃபிள் அளவுக்கு வளர்ந்துவிட்டால்?

அதிக மான்கள் விழும். எண்ணிக்கையைக் காப்பாற்ற, வனவிலங்குத் துறை ஒன்று நாட்களைக் குறைக்க வேண்டும், அல்லது அனுமதிச் சீட்டுகளைக் குறைக்க வேண்டும். குலுக்கலில் சீட்டுக்காகக் காத்திருக்கும் மேற்கு மாநிலங்களில் இது நேரடியான இழப்பு. ஒருவருக்குக் கிடைத்த வசதி, இன்னொருவரின் வாய்ப்பைத் தின்னும்.

யூட்டா மாநிலம் இதற்கு நல்ல உதாரணம். மசில்லோடரில் உருப்பெருக்கிக் காட்டும் ஸ்கோப்புக்கு அங்கே 2016-ல் அனுமதி வந்தது. நீண்டதூர மசில்லோடர்கள் பெருகின. 2024 தொடக்கத்தில் மாநில வனவிலங்கு வாரியம் மசில்லோடர் சீசனில் அந்த ஸ்கோப்புகளுக்கு மீண்டும் தடை போட்டது. எட்டே ஆண்டுகளில் யூ-டர்ன். நம்பி விலையுயர்ந்த செட் வாங்கியவர்களுக்குக் கோபம். சீசனின் அர்த்தம் திரும்ப வந்தது என்பவர்களுக்கு நிம்மதி.

எதிர்த் தரப்பும் சும்மா இல்லை. வயதாகிக் கண் மங்கியவர்களுக்கு இரும்பு சைட்டில் குறி பார்ப்பது கஷ்டம். ஸ்கோப்பைத் தடுத்தால் அவர்கள் வீட்டிலேயே உட்கார வேண்டியதுதானா என்று கேட்கிறார்கள். வேட்டைக்காரர்கள் குறைந்தால் வனத்துக்கும் நஷ்டம். 1937-ம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, நீளத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீதான 11 சதவீத வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. அதனால் புதியவர்களைச் சேர்ப்பதும் மாநிலங்களுக்கு முக்கியம். மிசௌரியும் யூட்டாவும் எதிரெதிர்த் திசையில் நடப்பதற்குப் பின்னால் இந்த இழுபறிதான் இருக்கிறது.

சரி, யாருக்கு எது?

அமெரிக்காவில் முதல்முறை மசில்லோடர் வாங்கும் ஒருவர், இந்த வரிசையில் யோசித்தால் குழப்பம் குறையும்.

1. முதலில் சீசன், பிறகு துப்பாக்கி. எந்த மாநிலத்தில், எந்த மாதம் போகப் போகிறீர்கள் என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். பென்சில்வேனியாவின் குளிர்கால சீசன் என்றால் ஃப்ளின்ட்லாக் தவிர வேறு வழியில்லை.

2. எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? வருடத்துக்கு ஒரு வாரம்தான் துப்பாக்கியைத் தொடுவேன் என்பவருக்கு, எளிய இன்லைன்தான் விலங்குக்கும் நல்லது. ஃப்ளின்ட்லாக் ஓர் இசைக்கருவி மாதிரி. பழகாமல் மேடை ஏறக் கூடாது.

3. நடுவழி உண்டு. பெர்கஷன் ஹாக்கென் ரகம், பழமையின் சுவையும் ஓரளவு நம்பகத்தன்மையும் சேர்ந்தது. கட்டுப்பாடு அதிகமுள்ள மேற்கு மாநிலங்கள் பலவற்றிலும் செல்லுபடியாகும்.

4. காட்டைப் பாருங்கள். அடர்ந்த மரங்கள் உள்ள கிழக்கு மாநிலக் காட்டில் 70 கஜத்துக்கு மேல் பார்ப்பதே கஷ்டம். அங்கே 200 கஜத் துப்பாக்கிக்குக் கொடுக்கும் பணம் வீண். திறந்த புல்வெளி என்றால் கதை வேறு.

5. மருந்தில் விளையாட்டு கூடாது. கரும் மருந்துக்கோ அதன் மாற்றுக்கோ செய்த குழலில், இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தைப் போட்டால் குழல் வெடித்துச் சிதறும். கை போகும், கண் போகும். ஏற்கெனவே மருந்து போட்டதை மறந்து இரண்டாவது முறை போடுவதும் ஆபத்து. திணிக்கும் கோலில் அளவுக்கோடு போட்டு வைப்பது இதற்காகத்தான். இந்த விதி பழசு, புதுசு இரண்டுக்கும் பொது.

இந்தியாவில் என்ன நிலை?

‘நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்’ என்று நம்மூர்ச் செய்திகளில் வருவதில் பல, முன்வாயில் மருந்து திணிக்கும் ரகம்தான். ஆனால் அவை பெரும்பாலும் உட்புறத் திருகு இல்லாத வழவழப்பான குழல் கொண்டவை. அதனால் ரைஃபிள் கணக்கில் வராது.

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி மசில்லோடருக்கும் லைசென்ஸ் கட்டாயம். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக இத்தகைய துப்பாக்கிக்கு உரிமம் வழங்குவதைப் பற்றி அந்தச் சட்டத்திலேயே தனிக் குறிப்பு இருக்கிறது. ஆனால் உரிமம் இருப்பதால் வேட்டையாடலாம் என்று அர்த்தமில்லை. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இன்று மான் வேட்டை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அமெரிக்காவைப் போல சீசன், அனுமதிச் சீட்டு என்ற பேச்சே இங்கே இல்லை.

கடைசியாக...

பென்சில்வேனியாக் காட்டில் மானைத் தவறவிட்டவருக்குத் திரும்புவோம். நமுத்த மருந்தை வெளியே எடுத்து, குழலைத் துடைத்து, ஊசித்துளையைக் குத்தி, புது மருந்து போட்டு மறுபடியும் மரத்தடியில் நிற்கிறார். இன்லைன் இருந்திருந்தால் அவர் இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் எல்லோர் கையிலும் இன்லைன் இருந்திருந்தால், டிசம்பர் 26-ல் அவர் காட்டுக்குள் நிற்க ஒரு சீசனே இருந்திருக்காது.

மானுக்கு அன்று நல்ல நாள். அவருக்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது.